காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் மாணவர் ஆய்வு: சட்டனிலிருந்து ஒரு பார்வை

பிரிட்டனில் மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்குப் படிப்பின் கடைசி ஆண்டுகளில் சில வாரங்களைக் கையில் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் போய் விரும்பியதைக் கற்றுக் கொண்டு வா என்று அனுப்பி விடுகிறார்கள். இதற்கு 'எலெக்டிவ்' என்று பெயர். தமிழில் விருப்பப் பயிற்சி எனலாம். பலர் இதை ஊர் சுற்றும் வாய்ப்பாகவும் ஆக்கிக் கொள்வார்கள். ஆப்பிரிக்கக் கிராமத்து மருத்துவமனைகளுக்கும், நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் வந்து போவது இந்தக் கணக்கில்தான். ஒரு சிலர் மட்டும் விமானம் ஏறாமல், உள்ளூரிலேயே ஆய்வு நடக்கும் ஒரு துறையில் போய் ஒட்டிக் கொள்வார்கள். இந்தக் கட்டுரை அந்தச் சிலரைப் பற்றியது. அதிலும் காது, மூக்கு, தொண்டைத் துறையைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பற்றியது. இ.என்.டி. என்றால்தான் நமக்கெல்லாம் சட்டென்று விளங்கும் என்பதால் இனி அப்படியே எழுதுகிறேன்.

1993-ல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் 'நாளைய மருத்துவர்கள்' என்ற பெயரில் ஓர் ஆவணம் வெளியிட்டது. மாணவர் மண்டையில் தகவல்களைத் திணிப்பதைக் குறையுங்கள், பாடத்திட்டத்தின் ஒரு பகுதியை மாணவரே தேர்ந்தெடுத்து ஆழமாகப் படிக்கட்டும் என்பது அதன் சாரம். அதன்பின் மருத்துவக் கல்லூரிகளில் கட்டாயப் பாடம் ஒரு பக்கம், மாணவர் தெரிவுப் பாடம் இன்னொரு பக்கம் என்று ஏற்பாடானது. இ.என்.டி. போன்ற சிறு துறைகளுக்கு இந்த இரண்டாவது கதவு முக்கியமானது. ஏனென்றால் முதல் கதவு வழியாக அவற்றுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. பல கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பில் இ.என்.டி.க்கு ஒதுக்கப்படுவது ஓரிரு வாரங்கள்தான். ஆனால் காது வலி, சீழ் வடிதல், மூக்கடைப்பு, தலைச்சுற்றல், குரல் கம்மல், தொண்டையில் ஏதோ சிக்கியது போன்ற உணர்வு என்று குடும்ப மருத்துவரின் வாசலில் தினமும் வந்து நிற்பவர்களில் எத்தனை பேர் இந்தத் துறைக்காரர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த ஒதுக்கீடு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சரி, சட்டனுக்கு வருவோம். லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது சட்டன். 1965 வரை சர்ரே மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டுதான் பெருலண்டனுக்குள் வந்தது. பக்கத்து மெர்ட்டன், குரோய்டன், கிங்ஸ்டன் பகுதிகளைப் போலவே இங்கும் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் டூட்டிங். டூட்டிங் என்றதும் நம்மவர்களுக்கு மசால் தோசை நினைவுக்கு வரும். மருத்துவ மாணவர்களுக்கு செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி நினைவுக்கு வரும். (அது 2024 ஆகஸ்டில் சிட்டி பல்கலைக்கழகத்துடன் இணைந்து விட்டது.) அங்கே படிக்கும் மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துக் கற்கும் இடங்களில் ஒன்று சட்டன் எல்லைக்குள் கார்ஷல்டனில் உள்ள செயின்ட் ஹெலியர் மருத்துவமனை. இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த 1941-ல் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான வெள்ளைக் கட்டடம்.

சட்டனின் தெற்கே, பெல்மான்ட் பக்கம் இன்னொரு மருத்துவ வளாகம் இருக்கிறது. அதுதான் நம் கதைக்கு முக்கியம். 1851-ல் வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் லண்டனில் புற்றுநோய்க்கென்றே ஓர் இலவச மருத்துவமனை தொடங்கினார். அது இன்று ராயல் மார்ஸ்டன். அதன் இரண்டாவது கிளை 1962-ல் சட்டனில் வந்தது. அதே வளாகத்தில் 1909-ல் தோன்றிய புற்றுநோய் ஆய்வுக் கழகத்தின் ஒரு பகுதியும் இருக்கிறது. அந்தக் கழகத்தின் மருத்துவச் சோதனை மற்றும் புள்ளியியல் பிரிவு இங்கேதான் இயங்குகிறது. நோயாளியே வராத அலுவலகம். கணிப்பொறிகளும் கோப்புகளும் புள்ளியியலாளர்களும்தான். ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு உலகம் கதிர்வீச்சு கொடுக்கும் விதத்தை மாற்றியதில் இந்த அலுவலகத்துக்குப் பெரிய பங்குண்டு. இ.என்.டி.யில் ஆய்வு பழக நினைக்கும் மாணவர் முதலில் படிக்க வேண்டியவை இங்கிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட மூன்று சோதனைகள் என்பது என் எண்ணம். மூன்றும் மூன்று விதமாக முடிந்தன என்பதுதான் அதற்குக் காரணம்.

முதல் சோதனை உமிழ்நீரைப் பற்றியது.

தொண்டையில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சு பெற்றவர்களைக் கேட்டால் தெரியும். நோய் போய் விட்டது, ஆனால் வாய் காய்ந்து விட்டது என்பார்கள். நமக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. சாப்பிடும்போது சுரப்பதில் பெரும்பங்கு காதுக்குக் கீழே, கன்னத்தின் இரு பக்கமும் இருக்கும் பரோட்டிட் சுரப்பிகளிடமிருந்து வருகிறது. பழைய முறையில் கதிர்வீச்சைக் கழுத்தின் இரு பக்கத்திலிருந்தும் பாய்ச்சும்போது இந்த இரண்டு சுரப்பிகளும் வழியில் நின்று வெந்து போகும். பிறகு வாழ்நாள் முழுவதும் கையில் தண்ணீர் பாட்டிலோடுதான் நடமாட்டம். இட்லி தொண்டைக்குள் இறங்காது. ரசமோ மோரோ ஊற்றிக் கரைத்தால்தான் சோறு போகும். பல் சொத்தையாகும். ராத்திரி நாலு தடவை எழுந்து நாக்கை நனைக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார யோசிப்பார்கள். இதை 'பக்க விளைவு' என்ற ஒரு சொல்லில் அடக்கி விடுகிறோம்.

கதிர்க்கற்றையைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் வலிமையையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துச் செலுத்தும் செறிவு மாற்றக் கதிர்வீச்சு முறை வந்தபோது, கட்டிக்கு வேண்டிய அளவு கொடுத்துக் கொண்டே சுரப்பியைக் காப்பாற்றலாம் என்று தோன்றியது. தோன்றினால் போதுமா? அதைச் சோதிக்க வந்ததுதான் 'பார்ஸ்போர்ட்'. ராயல் மார்ஸ்டனின் கிறிஸ் நட்டிங் தலைமையில், பிரிட்டனின் ஆறு மையங்களில், 2003 ஜனவரியிலிருந்து 2007 டிசம்பர் வரை 94 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. சமவாய்ப்பு முறையில், அதாவது சீட்டுக் குலுக்குவது போல, 47 பேர் பழைய முறைக்கும் 47 பேர் புதிய முறைக்கும் பிரிக்கப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே மொத்த அளவு: 60 அல்லது 65 கிரே, முப்பது தவணைகளில். புதிய முறைக்காரர்களுக்கு எதிர்ப்பக்க பரோட்டிட் சுரப்பியின் சராசரி அளவு 24 கிரேக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி.

2011-ல் லான்செட் ஆங்காலஜி இதழில் முடிவு வந்தது. சிகிச்சை முடிந்து ஓராண்டில், தொல்லை தரும் அளவுக்கு வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம். இரண்டாம் ஆண்டில் 83-க்கு 29. உயிர் பிழைப்பதிலும் நோய் திரும்புவதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டுக் கணக்கைச் சாதாரண மொழியில் சொன்னால், ஏறக்குறைய மூன்று பேருக்குப் புதிய முறையில் சிகிச்சை கொடுத்தால் ஒருவரின் வாய் காயாமல் தப்புகிறது. மருத்துவ ஆய்வில் இது மிகப் பெரிய எண்.

கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படிக்கும் மாணவர் இங்கேயே கைதட்டி விட்டுப் போய்விடுவார். ஆய்வு பழக வந்தவர் போகக் கூடாது. எழுபத்து நாலு சதவீதம் என்றால் எத்தனை பேரில்? 34 பேரில் 25. முப்பத்தெட்டு சதவீதம் என்றால் 39 பேரில் 15. ஆக 73 பேர். சேர்ந்தவர்களோ 94. மீதி 21 பேர் எங்கே? ஓராண்டுக்குள் இறந்தவர்கள் இருக்கலாம், நோய் திரும்பியவர்கள் இருக்கலாம், பரிசோதனைக்கு வராமல் போனவர்கள் இருக்கலாம். பழைய முறையில் 13 பேரும் புதிய முறையில் 8 பேரும் காணவில்லை. இந்த வித்தியாசம் முடிவைப் புரட்டிப் போடுமா? இங்கே போடாது, இடைவெளி அவ்வளவு பெரியது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதும், காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பதும்தான் ஒரு மாதப் பயிற்சியின் பாதிப் பயன். வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணைப் பார், மேலே இருப்பதைப் பிறகு பார்.

இன்னொன்று. இந்தச் சோதனையில் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. சிகிச்சைக் காலத்தில் களைப்பு, புதிய முறை பெற்றவர்களிடம்தான் அதிகம்: 74 சதவீதம், பழைய முறையில் 41. வாயைக் காப்பாற்றப் போய் வேறு எங்கோ கதிர் சிதறியிருக்கிறது. பின்மூளைப் பகுதிக்குப் போன அளவைப் பற்றி ஆராய வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. களைப்பை யாரும் கேட்டுக் குறித்து வைக்காமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. படிவத்தில் ஒரு வரி கூடுதலாக இருப்பதன் மதிப்பு இது.

இரண்டாவது சோதனை காதைப் பற்றியது, பெயர் 'கோஸ்டார்'. பரோட்டிட் கட்டியை அறுவை செய்த பின் அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுப்பதுண்டு. பக்கத்திலேயே உட்காது. அதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாதான் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுவது. அதன் மேல் அதிகக் கதிர் விழுந்தால் கேட்கும் திறன் குறையும். பார்ஸ்போர்ட்டில் சுரப்பியைக் காப்பாற்றியது போல இங்கே காக்ளியாவைக் காப்பாற்றலாமே என்ற யோசனை எவருக்கும் நியாயமாகத்தான் படும். 110 பேர் சேர்ந்தார்கள். புதிய முறையில் காக்ளியாவுக்குப் போன அளவு உண்மையிலேயே குறைந்தது: நடு எண் 56.2 கிரேயிலிருந்து 35.7 கிரேக்கு இறங்கியது. இயற்பியல் வென்றது. ஆனால் ஓராண்டு கழித்து 4000 ஹெர்ட்ஸில் எலும்பு வழி ஒலியை வைத்துச் சோதித்தபோது, கேட்கும் திறன் 10 டெசிபலுக்கு மேல் குறைந்தவர்கள் பழைய முறையில் 39 சதவீதம், புதிய முறையில் 36 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2018-ல் அப்படியே வெளியிட்டார்கள்.

இந்தச் சோதனையை நான் மாணவர்களுக்கு அதிகம் சிபாரிசு செய்வேன். கருவி காட்டும் எண் நல்ல திசையில் நகர்ந்தது என்பதற்காக நோயாளிக்கு நன்மை வந்து விட்டது என்று நினைக்கும் மயக்கத்தை இது ஒரே அடியில் தெளிய வைக்கிறது. அதோடு, இங்கும் கணக்கிட முடிந்தவர்கள் 110-ல் 67 பேர் மட்டும். ஓராண்டு கழித்துக் காதைச் சோதிக்க மறுபடி வரச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சாட்சி. தோற்ற சோதனை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. கேள்விக்கு விடை கிடைத்து விட்டது. விடை 'இல்லை' என்பது. அதில் தோல்வி எங்கே வந்தது?

மூன்றாவது 'டார்ஸ்'. இது விழுங்குவதைப் பற்றியது. தொண்டைத் தசைகளைக் குறிவைத்துக் காப்பாற்றினால் விழுங்குவது எளிதாகுமா என்று 112 பேரிடம் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. இம்முறை அளவுகோல் கருவி அல்ல, ஒரு கேள்வித்தாள். விழுங்குவதில் உள்ள சிரமம் உங்கள் அன்றாட வாழ்வை எப்படிப் பாதிக்கிறது என்று நோயாளியையே கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடுவது. தனக்கு எந்த முறை கிடைத்தது என்பது நோயாளிக்குத் தெரியாது. அவரைச் சோதித்த பேச்சு சிகிச்சையாளருக்கும் தெரியாது. ஓராண்டில் புதிய முறையினர் சராசரி 77.7, பழைய முறையினர் 70.6. புள்ளியியல்படி இது தற்செயல் அல்ல. ஆனால் இந்தக் கேள்வித்தாளில் பத்து மதிப்பெண் மாறினால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கிடைத்ததோ ஏழு சொச்சம். அப்படியானால் இது வெற்றியா? நல்ல வழிகாட்டி ஒருவர் இந்த இடத்தில் விடையைச் சொல்லாமல், ஐந்தாறு மாணவர்களை உட்கார வைத்து ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட விடுவார்.

இனி மாணவர் தாமே செய்யக் கூடியது என்ன என்று பார்ப்போம். இதில் பலருக்கும் தவறான கனவு உண்டு. எலெக்டிவில் போய்ச் சேர்ந்தவுடன் நாமே ஒரு மருந்தைச் சோதிக்கலாம் என்று நினைப்பார்கள். முடியாது. இங்கிலாந்தில் சுகாதார ஆய்வு ஆணையம் 2021 செப்டம்பரிலிருந்து விதியை இறுக்கி விட்டது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவைப்படும் ஆய்வை இளநிலை மாணவர் தம் படிப்புக்காகத் தனியாக நடத்த இயலாது. எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆறு வாரப் பயிற்சிக்கு மூன்று மாத அனுமதி வாங்கி, பத்து நோயாளிகளைத் தொந்தரவு செய்து, யாருக்கும் பயன்படாத ஒரு சுவரொட்டி தயாரிப்பதற்கு நோயாளியின் பொறுமையைச் செலவழிக்கக் கூடாது. ஏற்கெனவே அனுமதி பெற்று நடக்கும் பெரிய ஆய்வில் மாணவர் ஒரு கையாக இருக்கலாம். வெளிவந்த ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுக்கலாம். அல்லது ஆடிட் செய்யலாம்.

ஆடிட் என்றால் இங்கே வரவு செலவுக் கணக்கு அல்ல. ஒரு துறையில் இப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தரம் வகுத்திருக்கிறார்கள். நாம் உண்மையில் அப்படிச் செய்கிறோமா என்று நோயாளிக் கோப்புகளை வைத்துப் பார்ப்பது. ஆய்வு எது சரி என்று தேடுகிறது. ஆடிட் அந்தச் சரியானது நம் வார்டில் நடக்கிறதா என்று பார்க்கிறது. இதை மட்டமாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் இ.என்.டி. பயிற்சி மருத்துவர்கள் 'இன்டெகிரேட்' என்று ஒரு ஆய்வு வலை அமைத்திருக்கிறார்கள். 2016-ல் அவர்கள் மூக்கில் ரத்தம் வடிந்து மருத்துவமனைக்கு வருபவர்களைப் பற்றி நாடு முழுக்க ஆடிட் நடத்தினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். ஒவ்வொரு ஊரிலும் இளைய மருத்துவர்கள் ஒரே படிவத்தை நிரப்பியதால் சாத்தியமானது. ஒற்றை மருத்துவமனையில் ஒற்றை மாணவர் இருபது கோப்புகளைப் பார்ப்பதற்கும், அதே உழைப்பை இப்படி ஒரு வலையில் சேர்ப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

மூக்கு ரத்தம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லி விடுகிறேன். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைப் பஞ்சில் நனைத்து மூக்கில் வைத்தால் ரத்தம் நிற்கும் என்று பல அவசரப் பிரிவுகளில் நம்பிக்கை இருந்தது. 'நோபேக்' என்ற சோதனையில் பிரிட்டனின் 26 அவசரப் பிரிவுகளில் 496 பேரிடம் வெறும் நீரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகும் மூக்கை அடைக்க வேண்டி வந்தவர்கள் மருந்துத் தரப்பில் 43.7 சதவீதம், நீர்த் தரப்பில் 41.3 சதவீதம். 2021-ல் வெளியானது. இரவுப் பணியில் எத்தனையோ மூத்தவர்கள் அனுபவத்தில் சத்தியம் செய்த விஷயம் இப்படி ஆனது.

அனுபவம் எப்போதும் தவறு என்றும் எடுத்துக் கொள்ளக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனா பரவிய வேளையில், வேறு அறிகுறியே இல்லாமல் திடீரென்று வாசனை போய் விட்டது என்று வரும் நோயாளிகள் கூடுவதை லண்டன் இ.என்.டி. மருத்துவர்கள் கவனித்தார்கள். மார்ச் 20-ல் பிரிட்டிஷ் மூக்கியல் சங்கமும் இ.என்.டி. மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்து இது கொரோனாவின் அடையாளமாக இருக்கலாம் என்று அறிக்கை விட்டன. அரசு அதை அதிகாரபூர்வ அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது மே 18-ல். இடையில் இரண்டு மாதம். வெளிநோயாளிப் பிரிவில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாணவர், 'இந்த வாரம் இது நாலாவது ஆள்' என்று எண்ணத் தெரிந்தவராக இருந்தால் அதுவும் ஆய்வின் ஆரம்பம்தான்.

நடைமுறையில் பயிற்சியின் முதல் வாரம் பெரும்பாலும் காகிதத்தில் போகும். மருத்துவமனையோடு ஓர் ஒப்பந்தக் கடிதம், நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை குறித்த இணையத் தேர்வு, கணிப்பொறிக்குக் கடவுச்சொல், நோயாளித் தகவலைக் கையாள அனுமதி. 1997-ல் வந்த கால்டிகாட் அறிக்கைக்குப் பிறகு, நோயாளித் தகவலைக் காப்பதற்கென்றே ஒவ்வொரு என்.எச்.எஸ். நிறுவனத்திலும் மூத்தவர் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். கோப்பைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவதெல்லாம் நடக்காது. நேரே கத்தியைப் பார்க்க வந்த மாணவருக்கு இது சலிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பெயரும் பிறந்த தேதியும் ஒரு மனிதருடையது என்ற நினைப்பு இந்தச் சலிப்பின் வழியாகத்தான் ஊறுகிறது.

நம்மவர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் மொழி. சட்டன் பக்கத்தில் ஆங்கிலம் அவ்வளவாக வராத ஒரு தமிழ்ப் பெரியவர், தொண்டையில் கட்டியோடு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். பக்கத்தில் மகன். ஆய்வில் சேரலாமா என்று விளக்கும் பத்துப் பக்கத் தாளை மருத்துவர் நீட்டுகிறார். மகன் அதைப் புரட்டிப் பார்த்து விட்டு, "அப்பா, புது மருந்து குடுக்கினமாம், நல்லதாம், கையெழுத்து போடுங்கோ" என்கிறார். சமவாய்ப்பு முறையில் பிரிப்பார்கள், புதிய முறை கிடைக்காமலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது என்ற நான்கு செய்திகளும் அந்த ஒரு வாக்கியத்தில் காணாமல் போயின. போதாக்குறைக்கு, புற்று என்ற சொல்லே அப்பாவின் காதில் விழக் கூடாது என்று மகன் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். அதனால்தான் உறவினரை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று என்.எச்.எஸ். சொல்கிறது. அங்கே தமிழ் தெரிந்த மாணவி ஒருத்தி நின்று கொண்டிருந்தால், "நீயே சொல்லேன்" என்று அவளிடம் கேட்பார்கள். பெரியவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம், கழிவறை எங்கே என்று சொல்லலாம், ஊர் எது என்று விசாரிக்கலாம். ஒப்புதல் பேச்சை அவள் ஏற்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை என்பதற்காக அந்தப் பெரியவரை ஆய்விலேயே சேர்க்காமல் விடுவது இன்னொரு அநியாயம். டார்ஸ் மாதிரியான சோதனைகளில் அளவுகோலே கேள்வித்தாள் என்று சொன்னேன் அல்லவா? ஆங்கிலத்தில் அமைந்த கேள்விகளைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் போதாது. பொது இடத்தில் சாப்பிடச் சங்கடமாக இருக்கிறதா என்று கேட்டால், ஓட்டலுக்கே போகாத பாட்டி "இல்லை" என்பார். வாரம் தவறாமல் கோயில் அன்னதானத்துக்குப் போய்க் கொண்டிருந்தவர் இப்போது போவதில்லை என்பது அந்த "இல்லை"யில் தெரியாது. எந்த மொழிக்குக் கொண்டு வந்தாலும், அந்த மொழிக்காரர்களிடம் கொடுத்துச் சோதித்துத் திருத்தி, மறுபடி சோதிக்க வேண்டும். இது பெரிய உபகரணம் எதுவும் தேவைப்படாத, மொழி தெரிந்த மாணவர்கள் உண்மையாகவே பங்களிக்கக் கூடிய வேலை.

ஏனென்றால் இந்த நோய்களின் பெரும்பாரம் நம் பக்கம்தான் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை நம் வாய்க்குள் செய்வதை நான் சொல்ல வேண்டியதில்லை. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தி விட்டது. அந்த வகையில் உலகுக்கு விடை சொன்ன சோதனைகளும் இந்தியாவில் நடந்திருக்கின்றன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், தொடக்க நிலை வாய்ப்புற்றில் கழுத்து நெறிகளை முன்கூட்டியே எடுப்பதா, வீங்கிய பிறகு எடுப்பதா என்ற நெடுநாள் வழக்கைத் தீர்த்தார்கள். 500 பேரின் கணக்கு 2015-ல் வந்தது. மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் முன்கூட்டி எடுத்ததில் 80 சதவீதம், காத்திருந்ததில் 67.5 சதவீதம். திருவனந்தபுரத்தில் அதை விடவும் எளிய கேள்வி: பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் சாவு குறையுமா? 2005-ல் வந்த விடை: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

தமிழ்நாட்டு மாணவருக்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தை 1979 முதலே நடத்தி வருகிறது. வழிகாட்டி ஒருவரோடு இரண்டு மாத வேலை. 2019-ல் வந்த புதிய பாடத்திட்டம் எலெக்டிவையும் நம் கல்லூரிகளுக்குள் கொண்டு வந்தது. முதலில் இரண்டு மாதம் என்றார்கள். 2023 வழிகாட்டுதலில் அது ஒரு மாதமாகச் சுருங்கியது. பதினைந்து பதினைந்து நாளாக இரண்டு துண்டு. பதினைந்து நாளில் என்ன செய்வது என்று மாணவர்கள் அலுத்துக் கொள்கிறார்கள். முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் நேரமாக அதை மாற்றி விடுபவர்களும் உண்டு.

பதினைந்து நாளில் முடியக் கூடிய கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டில் காக்ளியர் இம்பிளான்ட் வைக்கும் மாநிலம் தமிழ்நாடு. அறுவை முடிந்த பிறகும் நீண்ட நாள் பேச்சுப் பயிற்சி வேண்டும். பேட்டரி மாற்ற வேண்டும், ஒயர் அறுந்தால் மாற்ற வேண்டும், வெளிக்கருவி பழுதானால் செலவு பெரியது. ஒரு மருத்துவமனையில் ஐந்தாண்டுகளுக்கு முன் இம்பிளான்ட் வைக்கப்பட்ட குழந்தைகளின் பட்டியலை எடுத்து, துறையின் அனுமதியோடு அந்தப் பெற்றோர்களுக்குத் தொலைபேசி செய்து இரண்டே கேள்வி கேட்கலாம். குழந்தை இன்று காலை கருவியை மாட்டிக் கொண்டு பள்ளிக்கூடம் போனதா? போகவில்லை என்றால், கருவி எத்தனை நாளாக அலமாரியில் இருக்கிறது? போன் எடுக்காதவர்களின் எண்ணிக்கையையும் தனியே எழுதி வைக்க வேண்டும்.